பச்சைத் தண்ணீர் விரதம்

விழுப்புரத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரயில் மாற இறங்கும்போது பிளாட்பாரத்தில் காலைச் சுடும் விழுப்புரம். மார்கழியில் விடிவதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முறை வந்து நிற்கச் சொல்ல வேண்டும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைத்த நிலம் முழுக்கப் பனி இறங்கியிருக்கும். கிணற்று மேடு தெரியாது, கரண்டுக் கம்பம் தெரியாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மார்கழிப் பனி எதைத் துளைக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் வீட்டுப் பெண்களின் முழங்காலைத் துளைக்கும் என்பேன்.

எங்கள் வீடு வெயிலுக்காகக் கட்டிய வீடு. காற்று வரட்டும் என்று சுவருக்கு மேலே விட்ட ஓட்டைகள் வழியாகத்தான் மார்கழி உள்ளே வரும். ஜன்னல் கதவு ஒன்றுகூட ஒழுங்காகச் சாத்தாது. மழையில் உப்பிப்போன மரம் மார்கழியிலும் உப்பியே நிற்கும். ஊட்டிக்காரர்களுக்குக் கம்பளி இருக்கிறது, கணப்பு இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஆளுக்கொரு போர்வை, ஒரு மங்கி குல்லா. அந்தக் குல்லாவும் அவருடையது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே பெண்ணைக் கெடார் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் வேலை செய்வது திண்டிவனத்தைத் தாண்டி, கிளியனூர் போகிற ரோட்டில் உள்ள ஒரு பால் கம்பெனியில். பாக்கெட் போட்டு வரும் பாலை டிரேயில் அடுக்க வேண்டும், டிரேக்களைக் கோல்டு ரூமில் கொண்டுபோய் வைக்க வேண்டும், லாரி வந்தால் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். சித்திரை மாதத்தில் தெருவே என்னைப் பார்த்துப் பொறாமைப்படும். "உனுக்கு இன்னா, ஏசி வேலை" என்பார்கள். மார்கழியில் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். ஜெர்கின் கொடுப்பார்கள். அதை முந்தின ஷிப்டில் போட்டிருந்தவளின் ஈரம் காயாமல் அப்படியே இருக்கும். கம்பூட்ஸ் கொடுப்பார்கள், அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். கொஞ்ச நேரத்தில் விரல் நம்முடையது என்ற நினைப்பே போய்விடும். பாக்கெட்டைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இடத்தில் ஒரே ஒரு நல்ல விஷயம் உண்டு. கோல்டு ரூமின் பின்சுவருக்கு வெளியே பெரிய பெரிய ஃபேன்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளியே துப்பும் ஃபேன்கள். டீ நேரத்தில் நாங்கள் பெண்கள் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்போம். கோடையில் அந்தப் பக்கம் நாய்கூடப் போகாது. மார்கழியில் அங்கே இடம் பிடிக்கச் சண்டையே நடக்கும்.

போகும் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் ஏறும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஒன்று பாதியில் நிற்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஹைவேயில் வண்டி வேகம் எடுத்தால் காற்று காதுக்குள் கத்தி மாதிரி இறங்கும். எல்லோரும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இன்ஜின் சூடு வரும் இடத்துக்கு முண்டியடிப்பார்கள். எனக்கு அந்த இடம் கிடைத்ததே இல்லை. வீட்டில் வேலை முடித்து, ஓட்டமும் நடையுமாக வந்து கடைசியில் ஏறுகிறவளுக்கு எங்கே கிடைக்கும்?

கடைசியாக ஏறியதற்குக் காரணம் அவருடைய விரதம்.

போன வருஷம் மார்கழியில் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. வீசிங் அவருக்குப் பழைய வியாதிதான், ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டார்கள். பேசவே கூடாது என்று சொல்லியும் என்னைப் பார்த்து, "ஆட்டோவ நெழல்ல நிறுத்துனியா?" என்று கேட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பனி ஆகாது, பச்சத்தண்ணி ஆகவே ஆகாது. இன்னொரு வாட்டி இந்த மாதிரி வந்துச்சுன்னா காப்பாத்துறது கஷ்டம்மா" என்றார். 

இந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

மாலை போட்டவர்கள் இரண்டு வேளையும் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டும், பாயில் மட்டும்தான் படுக்க வேண்டும். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. டாக்டரம்மா எதையெல்லாம் ஆகாது என்றாரோ அதையெல்லாம் சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் மாலை போட்டவரைத் திட்ட முடியாது. மாலை போட்ட நிமிஷத்திலிருந்து அவர் எனக்குச் சாமி, நான் அவருக்கு மாதா.

"சாமி, டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"மாதா, இது பதினெட்டாவது மலை" என்றார்.

பதினெட்டாவது மலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதினெட்டாவது வருஷம் போகிறவர்கள் கையில் ஒரு தென்னங்கன்றோடு மலைக்குப் போவார்கள். அதை அங்கே நட்டுவிட்டு வந்தால் அவர் குருசாமி. ஆட்டோ ஸ்டாண்டில் இவரோடு சேர்ந்து முதல் மாலை போட்டவர்கள் எல்லோரும் தென்னங்கன்று நட்டுவிட்டார்கள். நோய்நொடிக் காலத்தில் இவர் வருஷங்களை விட்டுவிட்டார், போன வருஷம் ஆஸ்பத்திரியில் விட்டார். அவருக்குப் பின்னால் வந்த பொடிசுகள்கூட அவரை முந்திக்கொண்டு போவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தென்னங்கன்று நடுவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

கார்த்திகையில் மழைதான், குளிர் இல்லை. அந்த நாட்கள் எப்படியோ ஓடின. மார்கழி நெருங்கி முதல் பனி விழுந்த விடியலில் அவர் பின்பக்கம் போய் ட்ரம்மிலிருந்து முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "சாமியே" என்று கத்தினார். "சரணம்" வெளியே வரவில்லை. வார்த்தை வர வேண்டிய இடத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுப்படியில் நான் கரண்டியோடு நின்றிருந்தேன். அந்தச் "சரணம்" வந்து சேரும்வரை நானும் மூச்சு விடவில்லை.

மறுநாள் முதல் அவருக்கு முன்னால் நான் எழுந்தேன்.

அவர் கூடத்தில் பாயில் படுத்திருப்பார். நான் சத்தம் இல்லாமல் கேஸ் அடுப்பில் பெரிய குண்டானை வைத்துத் தண்ணீர் காய்ச்சுவேன். கரித்துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் கதவைத் தள்ளி, பின்பக்கம் கொண்டுபோய் ட்ரம்மில் ஊற்றுவேன். அதில்தான் சூட்சுமம் இருந்தது. சூடு தெரியக் கூடாது, குளிர் முறிந்திருக்க வேண்டும். முழங்கைவரை உள்ளே விட்டுக் கலக்கிப் பார்ப்பேன். கோல்டு ரூமில் மரத்துப்போன கை அது. அதை நம்ப முடியாமல் கன்னத்திலும் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். அந்தப் பனியில் ஆவி புகை மாதிரி கிளம்பும். அது அடங்கும்வரை ட்ரம்மைத் தட்டுப் போட்டு மூடிவைப்பேன். சாயந்திரக் குளியலுக்குப் பயமில்லை, பகல் வெயிலே ட்ரம் தண்ணீரின் குளிரை முறித்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், எனக்கே தெரிந்தது.

அவர் பாய்க்கு அடியிலும் ஒரு வேலை செய்தேன். கம்பெனியில் தூக்கிப் போடும் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து பிரித்து, பாய் அளவுக்குப் பரப்பிவிட்டேன். தரைக் குளிர் நெஞ்சுக்கு ஏறாது பாருங்கள். "இது இன்னா மாதா, அடியில?" என்றார். "எறும்பு வருது சாமி, அதுக்கு" என்றேன். மார்கழியில் ஏது எறும்பு? அவர் கேட்கவில்லை.

முதல் நாள் குளித்துவிட்டு வந்தவர், "இன்னிக்கு அவ்ளோ குளுரு இல்ல" என்றார்.

"சாமி இருக்குது இல்ல" என்றேன் நான்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் புத்தி அதோடு நிற்கவில்லை. சாமியை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. விரதம் இருப்பவன் வெந்நீரில் குளித்தால் விரதம் கெட்டது. கெட்ட விரதத்தோடு மலை ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். யானை வந்தது, புலி வந்தது, பாறை உருண்டது என்று. எனக்கு யானையைப் பற்றிக் கவலை இல்லை, ஏறுகிற வழியில் அவர் மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை. அதனால் நானே ஒரு முடிவு செய்தேன். அவர் குளிக்க வேண்டிய பச்சைத் தண்ணீரை நான் குளித்துவிடுவது. சாமிக்குச் சேர வேண்டிய குளிர் எப்படியும் சாமிக்குச் சேர்ந்துவிடும், ஆள்தான் வேறு.

சாமிக்குச் சமைக்கிறவள் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொட வேண்டும் என்பதால் நான் தினமும் குளித்தது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. வெளியே சிமெண்ட் தொட்டி. அதில் ராத்திரி முழுக்கப் பனி இறங்கிக் கிடந்த தண்ணீர். முதல் சொம்பைப் பாதத்தில் ஊற்றுவேன், இரண்டாவதை முழங்காலில். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எத்தனை நாள் குளித்தாலும் அந்த மூன்றாவது சொம்பு பழகவே இல்லை. தலையில் விழுந்ததும் உடம்பு எனக்கு முன்னால் வீட்டுக்குள் ஓடப் பார்க்கும். அப்போது மனதில் சரணம் எல்லாம் வராது. "இன்னிக்குக் கணக்கு முடிஞ்சிது சாமி, அந்த ஆள விட்டுடு" என்று மட்டும் சொல்வேன்.

எனக்கு முடி நீளம். என் வயதுக்கு அவ்வளவு முடி தேவையே இல்லை. துவட்டி, துண்டைச் சுற்றி, அப்படியே சமைத்து, அப்படியே பஸ் ஏறிவிடுவேன். கோல்டு ரூமுக்குள் தலையை மூடி ஒரு பிளாஸ்டிக் தொப்பி போடச் சொல்வார்கள். ஈர முடியை அதற்குள் திணித்துவிட்டுப் பால் அடுக்கினால் முடி எப்படிக் காயும்? சாயந்திரம் வீடு திரும்பும்போதும் கொண்டை ஈரமாகவே இருக்கும்.

என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, கிளியனூர் பக்கம், என்னைவிடச் சின்னவள். கிறிஸ்தவக் குடும்பம். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போல இருந்ததால். டீ நேரத்தில் சூட்டு ஃபேனுக்கு எதிரில் என்னை முதல் ஆளாக நிறுத்தி, கொண்டையைப் பிரித்துவிட்டு, தன் துண்டால் துவட்டுவாள். டீயைக்கூட ஒரு கையால்தான் குடிப்பாள்.

"எங்க சாமி வெந்நில குளிச்சாலும் ஏத்துக்கும்க்கா. பேசாம எங்க பக்கம் வந்துடு" என்று சிரிப்பாள்.

"உங்க பாதிரியாரு மட்டும் காலங்காத்தால கோயிலுக்கு வரச் சொல்லல?"

"சொல்றாருதான். நான் ஸ்வெட்டர் போட்டுக்கினு போய் பின்னாடி பெஞ்சில தூங்கிடுவேன்."

நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். ஆனால் போகப்போக அவள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு இருமல் வந்திருந்தது. மாலையில் குளிர் எடுத்து நடுக்கும், காலையில் சரியாகிவிட்டது போல இருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்குச் சலித்துவிட்டது. அவர் மேல் சலிப்பு, சாமி மேல் சலிப்பு, அந்தக் குண்டான் மேல், பஸ் ஜன்னல் மேல், பால் மேல். தூங்கி எழுந்தவுடனே மறுபடி எப்போது தூங்குவோம் என்றுதான் முதல் நினைப்பு வரும். அவர் மலைக்குப் போகும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்த்தது பக்தியால் இல்லை. அவர் போனால் நான்கைந்து நாள் வீட்டில் சாமியும் இருக்காது, மாதாவும் இருக்க மாட்டாள். ஒரே ஒரு நாள் வெயில் வரும்வரை படுத்திருக்கலாம்.

அதற்குள் ஒரு நாள் கோல்டு ரூமில் டிரேயைத் தூக்கியபோது எனக்குக் கண் இருட்டிவிட்டது. பால் பாக்கெட்டுகள் மேல்தான் விழுந்தேன், அடிபடவில்லை. என்னை வெளியே தூக்கி வந்து வெயிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். கிளியனூர்க்காரி என் போனை எடுத்து என் வீட்டுக்காரருக்கு அடித்துவிட்டாள்.

அவர் விழுப்புரத்திலிருந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு திண்டிவனம் தாண்டி வந்துவிட்டார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். கேட்டில் செக்யூரிட்டி எழுந்து கும்பிட்டானாம். சூப்பர்வைசரும் "வாங்க சாமி" என்று நாற்காலி போட்டார். கிளியனூர்க்காரி மட்டும் கும்பிடவில்லை. என் கொண்டையை அவர் முன்னாலேயே பிரித்துக் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்க சாமி. மத்தியானம் ஆவுது, இன்னும் ஈரம். காலைல தொட்டித் தண்ணிய தலையில ஊத்திக்கினு வந்து நாளெல்லாம் ஐஸ்ல நிக்குது இந்தக்கா. செத்துகித்துப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் தொட்டுப் பார்த்தார். என்னை ஆட்டோவில் ஏற்றி, தன் மங்கி குல்லாவை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார்.

கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். விரதத்தில் வெளியே எதுவும் சாப்பிட மாட்டார். எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். நான் அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடு நன்றாக இருந்தது.

"ட்ரம்முல வெந்நி இருக்கறப்போ, நீ ஏன்டி தொட்டித் தண்ணில குளிக்கிற?" என்றார். மாதா போய்விட்டாள், பழையபடி "டி" வந்துவிட்டது.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. "ட்ரம்முல வெந்நி இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"யாரு சொல்லணும்? மார்கழில தண்ணி சில்லுன்னு இல்லாம போவுமா? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சிக்கினு ஏன் சும்மா இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு" என்றார். இப்படி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அன்னிக்கு மொத சொம்பு ஊத்திக்கிட்டப்போ அவ்ளோதான், முடிஞ்சிது கதைன்னு நெனச்சேன். வெந்நி வெச்சிக் குடுன்னு உங்கிட்ட கேக்கவும் வாய் வரல. மால போட்டுக்கினு எப்படிக் கேக்கறது? நீயா ஊத்தன. நானும் தெரியாத மாதிரி குளிச்சிட்டேன். நீ பச்சத்தண்ணில குளிக்கறது சத்தியமா எனுக்குத் தெரியாது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை விடியல் திருடி மாதிரி கால் விரலால் கதவைத் தள்ளியிருப்பேன்! கேஸ் அடுப்பு பற்றும் சத்தத்துக்குக்கூடப் பயந்து இருமி மறைத்தேனே! இந்த மனுஷன் பாயில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். டீயை அவர் மேல் ஊற்றிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் ஊற்ற மனம் வரவில்லை. பயந்தவர் முகம். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதுகூட அவர் என்னிடம் அந்த முகத்தைக் காட்டவில்லை. "சாமிக்கு உங்க பங்குப் பச்சத்தண்ணிய நான் ஊத்திக்கினேன்" என்று மட்டும் சொன்னேன்.

"இந்த வருஷம் நான் மலைக்குப் போவல" என்றார். "நீ இருந்த விரதத்துக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு படி ஏறறது? மாலைய இங்கியே கோயில்ல கழட்டிடறேன்."

"போவாம இருந்தா? அப்போ நான் குளிச்சதெல்லாம் இன்னா ஆவறது?" என்று கத்தியேவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒழுங்கா போய்ட்டு வாங்க. உங்களுக்காக ஒண்ணும் இல்ல. நாலு நாளு நான் தூங்கணும். இழுத்துப் போத்திக்கினு தூங்கணும். அதுக்காகவாவது போங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்தது இருமலில் போய் முடிந்தது. இரண்டு பேருக்கும்தான். டீக்கடைக்காரர் நாங்கள் என்ன ரகம் என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே விழுப்புரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். எனக்கு ஊசி, மாத்திரை, ஒரு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்ற கட்டளை. அவரையும் உட்கார வைத்து நெஞ்சைப் பார்த்தார். "பரவால்ல, போன வருஷத்துக்கு நல்லா இருக்கு. என்ன பண்ணீங்க?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, மெதுவாக ஏறணும், உறிஞ்சும் மருந்தைக் கையிலேயே வைத்திருக்கணும், குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார்.

மறுநாள் முதல் அவரே எழுந்து வெந்நீர் வைத்தார். இரண்டு பேருக்கும். ஒளிவுமறைவு இல்லாமல், பாத்திரத்தைத் தடால் என்று வைத்து, லைட்டர் எங்கே என்று என்னை எழுப்பிக் கேட்டு. "சாமிக்கு?" என்று ஒரு தடவை இழுத்தார். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

இருமுடி கட்டும் நாளில் நெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. தேங்காய்க்குள் ஊற்ற வேண்டிய நெய். அதை வெந்நீரில் வைத்து உருக்கினேன். அவர் ஊற்ற வேண்டியதை என் கையைப் பிடித்து என்னை ஊற்றச் சொன்னார். ஸ்டாண்டுச் சாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேன் கிளம்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தென்னங்கன்றை மடியில் வைத்திருந்தார். "தண்ணில எறங்கக் கூடாது. கையால அள்ளித் தலையில தெளிச்சிக்கினா போதும்" என்றேன். "சரி சரி" என்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். அது சாத்தவில்லை.

அந்த நாலு நாள் நான் தூங்கினேன். முதல் விடியலில் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது. எழுந்துவிடப் போனேன். எதற்கு என்று யோசித்தேன். ஒரு காரணமும் இல்லை. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது, ரோட்டில் பால் வண்டி போனது, யார் வீட்டிலோ குழந்தை குளிக்க மாட்டேன் என்று அழுதது. நான் அவர் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுத்தே இருந்தேன். கண் திறந்தபோது சுவர் ஓட்டை வழியாக வெயில் வந்து என் வயிற்றின் மேல் கிடந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ வருஷமாகிறது. பக்கத்தில் ஆள் இல்லையே என்று ஒரு சொட்டுக்கூட வருத்தம் வரவில்லை. சாயந்திரம்தான் வந்தது. போன் அடித்தது. "ஏறிட்டேன்" என்றார். "கன்னு நட்டுட்டேன்" என்றார். பின்னால் ஒரே கூட்டத்து இரைச்சல், அவர் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க முடியவில்லை.

தை பிறப்பதற்கு முன்னால் திரும்பி வந்தார். வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு உள்ளே வந்தார். முகம் கறுத்துப்போய், கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. வேனை விட்டு இறங்கும்போதே எல்லோரும் "குருசாமி" என்று கூப்பிட்டார்கள். மாலையை எப்போதும் அவர் அம்மா கழற்றுவார், அம்மா போன பிறகு மூத்த சாமி யாராவது கழற்றுவார். இந்தத் தடவை என் முன்னால் வந்து குனிந்தார்.

"நீ கழட்டு" என்றார்.

நான் கழற்றிப் பாலில் போட்டேன். விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது. அவர் நிமிரவில்லை, குனிந்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஆத்துல எறங்கிட்டேன்டி."

"இன்னாது?"

"மூணு முங்கு. ஒண்ணு எனுக்கு, ஒண்ணு நம்ம பொண்ணுக்கு. ஒண்ணு உனுக்கு. நீ அத்தினி நாளு எனக்காகக் குளிச்ச, நான் ஒரு முங்கு உனக்காகப் போடக் கூடாதா? ஐஸ் தண்ணிதான். ஒண்ணும் ஆவல பாத்தியா?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி முடித்த வாயில் இருமல் வந்தது. கூட்டேரிப்பட்டில் சிரித்தபோது வந்த இருமல் இல்லை. அடியிலிருந்து, விட்டுவிட்டு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணால் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

நான் அவர் சட்டையைத் தூக்கி, வெறும் முதுகில் காதை வைத்தேன். "மூச்ச இழுத்து விடுங்க" என்றேன். இழுத்தார். விட்டார். உள்ளே அந்த விசில் இருந்தது. மெல்லியதாக இருந்தது, ஆனால் இருந்தது.

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. எனக்காக ஒரு மனுஷன் முங்கிய ஒரே முங்கு, அது இப்படியா இருக்க வேண்டும்? எனக்கு முங்கு வேண்டாம், புண்ணியம் வேண்டாம். எனக்கு இந்த ஆள் வேண்டும். அதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு சொன்னேன். என் வாய் அவர் தோளில் பதிந்திருந்ததால் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

"இன்னாடி, இருக்குதா?" என்றார்.

"இருக்குது" என்றேன். "ஆட்டோ சாவி எங்க? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."